சொரசொரப்பான கழுத்து

மார்ச் 4

டாக்டர் தம்பிக்கு,

நலமாக இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை? எனக்கு மூட்டுவலி. மற்றபடி ஞாபகம் நன்றாகவே இருக்கிறது.

என் மகனுடைய பெண் உங்களிடம்தான் வேதியியல் படிக்கிறாள். நேற்று வந்து, "பாட்டி, டயசோமீத்தேன் பொல்லாததாம். கீறல் விழுந்த கண்ணாடியில பட்டாலே வெடிக்குமாம். முன்னாடி பாத்திரம் கழுவுற பொம்பளை ஒருத்தி குடுவையைக் கம்பிநாரால தேய்ச்சு, எங்க சாருக்கு ஒரு காதே கேக்காம போச்சாம்!" என்று சிரித்தாள். அந்தப் பொம்பளை நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

உங்கள் ஆய்வகத்தில் அது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, அன்றைக்கு வியாழக்கிழமை. எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலத்தில் டயசோமீத்தேன் என்கிற அந்த மஞ்சள் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவீர்கள். குமிழி அடங்கி மஞ்சள் நிறம் நின்றுவிட்டால் எஸ்டர் ஆகிவிட்டது என்பீர்கள். அந்த மஞ்சள் திரவத்தைக் காய்ச்சி வடிக்க வழுவழுப்பான குடுவைகள் மூன்றைப் பஞ்சால் கழுவித் தனியாக வைப்பேன். கம்பிநாரை அந்த அறைக்குள் விட்டதே இல்லை. அன்றைக்கு மூன்றும் ஈரம். "காயட்டும் தம்பி" என்றேன். மூடி பொருந்துவதற்காகக் கழுத்தைச் சொரசொரப்பாக்கிய குடுவையை எடுத்தது நீங்கள். அந்தச் சொரசொரப்பில் பட்டுத்தான் வெடித்தது. அறிக்கையில் பழியை என் தலையில் கட்டினீர்கள். எனக்கு வேலை போயிற்று.

அதே வகுப்பில் நின்று உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடி அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. பேத்தி கெட்டிக்காரி. வகுப்பில் உங்கள் பெயரை நான் ஒருபோதும் சொன்னதில்லை.

அந்தக் குடுவையை எடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். மதியத்துக்குள் சோதனை முடிவு கேட்டார்கள், அவசரம். அதை அறிக்கையில் எழுதியிருந்தால் என் பதவி உயர்வு போயிருக்கும். இந்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். பழசைக் கிளற வேண்டாமே. முக்கியமாகப் பேத்தியிடம் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

உங்கள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. நான் படித்த மூன்றாம் வகுப்புக்கு அது எட்டவில்லை. அதனால் வாசிக்கச் சொல்லிப் பேத்தியிடம் கொடுத்தேன்.

"எடுத்தது நான்தான்" வரைக்கும் சத்தமாக வாசித்தாள். பிறகு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாட்டி, அந்தப் பொம்பளை நீயா?"

"மிச்சத்தையும் வாசிடி" என்றேன்.

தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் எழுதிய வரியையும் அவளேதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் வாயே திறக்கவில்லை தம்பி, உங்கள் பேச்சை மீறவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள். முதல் வரிசையில்தான் உட்காருவாள். உங்களுக்கும் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
அவளுடைய பாட்டி