சாவிக்கு முன் கட்டும் செலவு

கேமரன் மலை, 1981

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் செண்பகம் வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். சிங்கப்பூரில் உங்கள் இருமல் குறைந்ததா?

தானா ராத்தா டவுனில் நாம் வாங்கும் புது வீட்டுக்கு நீங்கள் அனுப்பிய முன்பணத்தைச் சித்தப்பா கட்டிவிட்டார். சாவி வாங்க வக்கீல் ஆபீசுக்கு என்னையும் கூட்டிப்போனார். ஒப்பந்தம் எழுதும் கூலி, முத்திரை வரி, பேங்க் கடன் பத்திரச் செலவு எல்லாம் தனி, கட்டினால்தான் சாவி என்றார் கிளார்க். மலாய்த் தாளைப் படித்து நானும் அதையே சொன்னேன்.

"வூட்டுக்குத்தான் காசு கட்டியாச்சே, காயிதத்துக்கு என்னா காசு? நீ சும்மா இருலா," என்றார் சித்தப்பா.

தோட்டம் கொடுத்த லயத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு இது எப்படித் தெரியும்? ஆனால் அவர் அவசரப்பட்டு, லயத்து வீட்டைக் காலி செய்வதாகத் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார். புது வீட்டில் பால் காய்ச்ச நாளும் குறித்து எல்லாரையும் அழைத்துவிட்டார். இப்போது வக்கீல் கூலிக்காக என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்பப் போகிறார். அவர் பேசிய பெருமைக்கு நான் கூடை சுமக்க வேண்டும். அம்மா அவர் பேச்சை மீற மாட்டார்.

பயமாக இருக்கிறது அப்பா. பால் காய்ச்சும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிச் சித்தப்பாவுக்கு எழுதுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம். எனக்குப் பதிலைத் தோழி தாஹிராவின் வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

பள்ளிக்குப் போடும் கம்பளிச் சட்டை குட்டையாகிவிட்டது. புதிது வாங்கும் முன், அதைப் பள்ளிக்குத்தான் போடுவேனா என்று எழுதுங்கள்.

யாரோ எழுந்துவிட்டார்கள். நிறுத்துகிறேன்.

செண்பகம்