இடது கைக்காரியின் பந்து

மார்ச் 3, திங்கள்

இன்று பதினொரு பந்துகள். ஒவ்வொன்றின் கட்டைவிரல் துளையிலும் அவரவர் அழுக்கு. ஒன்றுக்குள் ரத்தக் கறையோடு பாதி பிளாஸ்டர். இடுக்கியால் பிடுங்கி எறிந்தேன். பத்துக் கட்டைகளை உருட்டித் தள்ள ஊரே இந்த பௌலிங் கூடத்துக்கு வருகிறது. அத்தனை பேர் பந்துக்கும் துளை போட்டுத் துடைத்துக் கொடுக்க நான் ஒருத்தி. பந்து உருளும் லேனில் பூசும் எண்ணெய் பந்தில் கோடு கோடாக ஒட்டி வருவதைக் கண்டாலே எனக்கு ஆகாது. கைக்கு வந்ததும் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் மறுபேச்சு.

நாத்தனார் வந்தாள். மூன்று மாதமாக அதே புலம்பல்.

"அண்ணி, புதுப் பந்து வளையவே மாட்டேங்குது. உருளும்போது டக்டக்குனு சத்தம் வேற."

"பந்துல ஒண்ணுமில்ல. உன் மணிக்கட்டுதான் தளருது" என்றேன். துடைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 6

நாத்தனார் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு திரிகிறாள். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி. ஞாயிற்றுக்கிழமை பௌலிங் அணித் தேர்வு. ஏழு வருடமாக அவளிடம் இருந்த இடத்துக்கு இப்போது பேக்கரிக்காரி போட்டி. எல்லாரும் என்னிடம் வந்துதான் விசாரிக்கிறார்கள், கை எப்போது சரியாகும் என்று. நான் என்ன வைத்தியரா?

மார்ச் 9

இடம் பேக்கரிக்காரிக்கு. வீட்டுக்காரர் தங்கைக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு இறங்கவில்லையாம். எனக்கு நன்றாகவே இறங்கியது.

மார்ச் 11

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். சமையலறை வாசலில் நின்று, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வலது கையால் வீசிக்கொண்டிருந்தாள்.

"இடது மணிக்கட்டு தளருதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் வலதுல பழகுறேன்."

நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 13

எழுதக் கை வரவில்லை.

மத்தியானம் அவள் இடது கையால் கடைசியாக ஒருமுறை ஆடிவிட்டு, அந்தப் புதுப் பந்தை விற்றுவிடச் சொல்லிக் கொடுத்துப் போனாள். துடைக்கும் துணியெல்லாம் சலவைக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் எண்ணெயோடு மேசையில் வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

பந்துக்குள் கோர் என்று ஒரு கனமான கட்டி இருக்கிறது. இந்த வகைப் பந்தில் அது ஒரு பக்கம் புடைத்திருக்கும். அதனால் பந்து லேசாக ஆடியபடி உருளும். ஒவ்வொரு சுற்றிலும் புது இடம் தரையைத் தொடும். கடைசியில் பிடித்துக்கொண்டு வளையும். எண்ணெய்க் கோடுகள் துளைகளை விட்டு விலகி, விசிறி மாதிரி விரிய வேண்டும். இதில் எல்லாக் கோடும் துளைகள் மேலேயே ஏறிப் போயிருக்கிறது. துளை தரையில் படும் டக்டக் சத்தம் அதுதான்.

சுவரில் ஒட்டியிருக்கும் படம் வலது கைக்காரர்களுக்கு உள்ளது. இடது கைக்கு எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்ப வேண்டும். விரல் துளைகளைத் திருப்பியிருக்கிறேன். கோர் எங்கே இருக்கிறது என்று காட்டும் புள்ளியைத் திருப்பவில்லை. மோதிர விரலுக்கு வலப்பக்கமே விட்டிருக்கிறேன்.

துளை போட்டது யாரு? நான்தான். எண்ணெய்க் கோட்டைப் பார்த்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும் — வந்ததும் வராததுமா துடைச்சுத் துடைச்சு... சீ! பதினாறு வருஷம் இந்த வேலை பார்த்து என்ன கிழிச்சேன்?

மார்ச் 14

முதலாளியிடம் சொன்னேன். பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்.

"விடும்மா. கைதான்னு சொல்லியாச்சு, கைன்னே இருக்கட்டும். துளையை அடைச்சு வித்துடு." குச்சியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அருவருப்பு அவர் மேல் மட்டும் இல்லை. அவர் அப்படிச் சொன்ன நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 16

நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"சத்தம் வருதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"நிறைய."

"ஒரு தடவையாவது நான் உருட்டுறதை வந்து பாத்தீங்களா?"

மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "போயிட்டு வாங்க" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

மார்ச் 17

அணித் தலைவியிடம் கெஞ்சினேன். தப்பு என்னுடையது என்று எழுதியே கொடுத்தேன். அணிப் பட்டியல் போய்விட்டதாம், இந்த வருடம் மாற்ற முடியாதாம்.

மார்ச் 22, சனி

நாத்தனார் பந்தின் பழைய துளைகளை அடைத்து, இறுகவிட்டு வைத்திருந்தேன். வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தாள். பட்டையைக் கழற்றிவிட்டு இடது கையை மேசை மேல் வைத்தாள்.

"அளவெடுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்."

புள்ளி எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன். ஏன் என்றாள். சொன்னேன். புரியும்வரை மறுபடி மறுபடி கேட்டாள். பிறகுதான் இயந்திரத்தை ஓட்ட என்னை விட்டாள்.

முதல் உருட்டலை நானும் லேன் பக்கம் போய் நின்று பார்த்தேன். பந்து ஓரம்வரை சத்தமில்லாமல் போய், அங்கிருந்து வளைந்து உள்ளே பாய்ந்தது. ஒரு கட்டை மிச்சமில்லை. திரும்பிச் சிரிப்பாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இந்தக் கை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.