ஏழாம் நம்பர் மலையில் புழு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீங்களும் நலம் என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது. நம்பத்தான் முடியவில்லை. நீங்கள் போன இந்த இரண்டு மாதத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்றுகூட உங்கள் கையெழுத்தில் இல்லை. குண்டு குண்டாக, ஒரு பெண் எழுதியது போல இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை என்றீர்கள். என்ன தொழிற்சாலை, என்ன வேலை என்று ஒரு வரி கிடையாது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து என் காதில் பூச்சுற்றப் பார்க்கிறீர்களா?

இங்கே ஏழாம் நம்பர் மலையில் இலைச்சுருட்டுப் புழு விழுந்துவிட்டது. கொழுந்து இலைகளை நூலால் சேர்த்துத் தைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்கிறது. பிரித்தால் நெளிந்து, நூலைப் பிடித்துக் கீழே இறங்கித் தப்பிவிடுகிறது. செடிகளுக்கு நடுவே நடந்தால் பழுப்பு நிற அந்துப்பூச்சிகள் கூட்டமாகக் கிளம்பி முகத்தில் அடிக்கின்றன. தேயிலை பறிக்க வேண்டிய நாங்கள் இடுப்பில் தகர டப்பா கட்டிக்கொண்டு சுருண்ட இலையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மலைக்கு மூன்று தடவை மருந்து அடித்ததாகப் பதிவேட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "மூணு தடவ மருந்து குடிச்ச புழுவா இப்படிக் கொழுத்துக் கிடக்கு? உன் புருஷன் மருந்த வித்துட்டுக் கம்பி நீட்டிட்டான்." எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மருந்தை விற்றுவிட்டு அந்தக் குண்டு எழுத்துக்காரியோடு குடித்தனம் நடத்துகிறீர்கள் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

நேற்று மேலாளர் கூப்பிட்டார். நீங்கள் மருந்தை விற்றது உண்மை என்று எழுதிய தாளை நீட்டினார். கிடங்கைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றேன். கிடங்குக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். உர மூட்டைகளுக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடி, பதினொரு மருந்து டப்பா. ஒன்றில்கூட சீல் உடையவில்லை. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. நீங்கள் விற்கவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை.

நேராக உங்கள் கூட்டாளி நெட்டையன் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். விடவில்லை நான். கடைசியில் சொல்லிவிட்டார்: "அண்ணி, அண்ணனுக்கு ஆறு மாசமா கை நடுக்கம். மருந்து வாடை பட்டாலே மூச்சு அடைக்கும், கண்ணு மங்கிரும். வெளிய தெரிஞ்சா வேலையும் போயிரும், வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு வெறும் தண்ணிய அடிச்சாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பீர்களே, குளிருக்கு என்று நினைத்திருந்தேன். உங்கள் முகவரியில் "இரண்டாம் மாடி, பதினான்கு" என்று இருக்கிறது. அறை எண் என்று நினைத்திருந்தேன். அது ஆஸ்பத்திரிக் கட்டில் எண், இல்லையா?

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விற்றார் என்ற பேர் இனி இல்லை. அடிக்காமல் விட்டார் என்ற பேர் இருக்கிறது. அது உங்களுடையதுதான், அதை நான் துடைக்க மாட்டேன். அந்த மலையை நம்பி நாற்பது பெண்கள் இருக்கிறோம். வீட்டைப் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா எனக்கு ஏன் தனியாக எழுதவில்லை என்று மகள் கேட்டாள். வேலை அதிகம் என்றேன். உங்களைப் போலவே எனக்கும் புளுக வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். திட்டுவேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்காகக் குண்டு எழுத்தில் எழுதி, இதையும் படித்துக் காட்டும் நர்ஸ் சகோதரிக்கு: உங்களை என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை அவருக்கு இன்னொரு தடவை மெதுவாகப் படியுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நிறுத்தாதீர்கள். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது என்று சொல்லுங்கள். அது பொய்தான், இருந்தாலும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரை எங்கேயும் போக விட்டுவிடாதீர்கள். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பதினான்காம் கட்டில்காரரின் மனைவி