கண்ணாடி அறையில் சொல்லும் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் ஒடெசா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். சிகாகோவில் குளிர்தான் அதிகம்.

நேற்று வானொலி நிலையத்தில் எங்கள் ஜாஸ் குழுவைப் படம் எடுத்தார்கள். என் ஹார்ப் வாத்தியத்தின் முன்னால் எனக்குப் பதிலாகப் பொன்னிற முடிக்கார வெள்ளைக்காரி ஒருத்தியை உட்காரவைத்தார்கள். "குட்டி, இதை எந்தத் தோள்ல சாய்க்கணும்?" என்று என்னிடமே கேட்டாள். வலது தோள் என்றேன். டிரம் வாசிக்கும் கிளைட் அண்ணன், "விடு தங்கச்சி, ரேடியோவுல மூஞ்சியா தெரியுது?" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் அம்மா, அறிவிப்பாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பேசுவது எங்களுக்குக் கேட்காது. உதடு மட்டும் தெரியும். ஒடெசா ஹேய்ஸ் என்று சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டியதே இல்லை. என் அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். என் பக்கம் கை காட்டி, ஹார்ப் வாசிப்பவள் பெயரை அவர் சொல்லும்போது அவர் உதடுகள் இரண்டு தடவை ஒட்டுகின்றன.

விரல்கள் வெடித்திருக்கின்றன, உங்கள் மெழுகுக் களிம்பு கொஞ்சம் அனுப்புங்கள். வியாழன் மாலை பக்கத்து வீட்டு வானொலியில் எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டு, அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். வேறு பெயராக இருந்தால் அப்பாவிடம் சொல்ல வேண்டாம். வானொலியை அணைக்கவும் வேண்டாம். வாசிப்பது நான்தான்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

ஒடெசா