துப்பாக்கிக்குக் காட்டிய கற்பூரம்

ரிச்சர்ட்சன், அமெரிக்கா, 3.10.98

அன்புள்ள மரகதத்துக்கு,

நான் சுகம். அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

எங்கள் முதலாளி ஹேங்க், எல்லாம் உள்ளூர்ச் சாமானாகவே போட்டு, குழல்வாயில் வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்றைக் கையாலேயே செய்து பட்டறையில் வைத்திருந்தார். ஆயுதபூசையாச்சே! சந்தனமும் பொட்டும் வைத்து, கற்பூரத்தட்டைப் பக்கத்திலேயே சுற்றினேன். உன் புருஷனுக்கு அவ்வளவு பக்தி.

“நஞ்சு, அசையாதே! சுட்டுப் பார்க்க மருந்து கெட்டிச்சு வச்சிருக்கேன்!” என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடிவந்தார் ஹேங்க். வெள்ளைக்காரர் இன்னும் வெளுத்துப்போனார். தொப்பியால் கற்பூரத்தை அமுக்கினார்.

தொப்பி மட்டும்தான் கருகியது. ஆனால் மூன்று நாளாகத் தீப்பெட்டியையே தொடவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை, ரொட்டிதான்.

நம் மகள் எழிலரசி பேசுவதைக் கேசட்டில் பிடித்து அனுப்பு. இந்தத் துப்பாக்கி விஷயத்தை அவளிடம் சொல்லாதே. வேலைக்கு நேரமாச்சு. ஒன்றும் ஆகாது என்று நீ ஒரு வரி எழுதிப்போடு.

நஞ்சுண்டன்