கால் பார்த்துக்கொள்ளும்

மார்ச் 4
ராணி வேஷம் எனக்குத்தான் என்றார்கள், ஒரு நிபந்தனையோடு: தரையைப் பார்க்கக் கூடாது. போன வருஷ நாடகத்தில் மேடையிலிருந்து விழுந்தேன் அல்லவா, அன்றிலிருந்து கண் தானாகக் கீழே போய்விடுகிறது. எங்கள் நாடகக் குழுவுக்கு இயக்குநர், ராஜா வேஷம் இரண்டுமே பல் டாக்டர்தான். "ராணி மாதிரியே இல்லம்மா, தொலைஞ்ச கம்மலைத் தேடுற மாதிரி இருக்கு" என்றார். இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் வேஷம் என் நாத்தனாருக்காம். அவள் இப்போதே என் வசனத்தை முணுமுணுக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

மார்ச் 5
நிமிர்ந்து நடந்தேன். நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.

மார்ச் 7
கடையில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. இத்தனை வருஷத்தில் தையல் மிஷின் பெடலை ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருக்கிறேனா? கண் ஊசியில் இருக்கும். பெடலைக் கால் பார்த்துக்கொள்ளும். மேடை விளிம்பையும் காலே பார்த்துக்கொள்ளட்டுமே.

மாலையே மேடைக்குப் போய், திறந்திருக்கும் மூன்று பக்கமும், விளிம்புக்கு இரண்டடி உள்ளே, விரிப்புக்கு அடியில் தடிமனான கயிறு வைத்துத் தைத்தேன். நாத்தனார் கூட உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள். "அப்ப எனக்குச் சான்ஸே இல்லையா அண்ணி?" என்றாள், பாவம். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மார்ச் 8
கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தேன். கயிறு தட்டுப்பட்டதும் கால் நின்றது. "ராணியம்மா வந்துட்டாங்க" என்றார் டாக்டர். எல்லோரும் வெறுங்காலோடுதான் நடிப்பது என்று முடிவு. விளக்குக்காரரும் கயிற்றுக்கு அப்பால் வெளிச்சம் விழாதபடி வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 14
நாடகம் முடிந்தது.

ராஜாவுக்குக் கம்பீரம் வேண்டுமாம் — கடைசி நிமிஷத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய பூட்ஸோடு வந்து நின்றார் மனுஷர். அடிப்பாகமே இரண்டு விரல் தடிமன். அதில் கயிறு எங்கே தெரியப்போகிறது? சண்டைக் காட்சியில் வாளைச் சுழற்றிக்கொண்டு பின்னாலேயே போகிறார், போகிறார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் இருட்டாகிவிட்டது. ஐயோ, கயித்தைத் தாண்டிட்டாரே. வசனமாவது ஒன்றாவது — ஓடிப்போய் மேலங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"எங்கே போகிறீர்கள் மன்னா? போர்க்களம் இந்தப் பக்கம்" என்றேன்.

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. "என்னம்மா பண்றீங்க?" என்று பல்லைக் கடித்தார். "பின்னாடி பாருங்க டாக்டர்" என்றேன். பார்த்தார். அப்புறம் அவர் வாளைச் சுழற்றவே இல்லை.

மார்ச் 16
டாக்டர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வீடியோ பார்த்தோம். சண்டைக் காட்சிக்குப் பிறகு ராஜா, மந்திரி, சேவகர்கள் அத்தனை பேரும் விளிம்புக்குப் பயந்து குனிந்த தலை நிமிராமல், அடக்க ஒடுக்கமாக நடிக்கிறார்கள். ராணி மட்டும் நிமிர்ந்து நிற்கிறாள். அது நான்தானா?

"சரி சரி, போதும், அணைச்சிடுங்க" என்றார் டாக்டர்.

நாத்தனார் மறுபடியும் முதலிலிருந்து போட்டாள்.