கோழிக் கொட்டகையில் உன் பங்கு

மணிமுத்தாறு
20-11-1996

பம்பாயில் இருக்கும் மகன் பெருமாள்ராஜுக்கு அம்மா எழுதுவது. நீ சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாம இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டு எழுதுதேன். நானும் உன் தங்கச்சி தேன்மொழியும் இப்போ முக்கூடல்ல இல்ல, இங்கன பெரியம்மா வீட்டுக்கு வந்துட்டோம். ஏன் வந்தோம்னு உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுதேன். நம்ம சுவரை ஒட்டி உன் மாமா மாடக்கண்ணு கோழிப்பண்ணை போட்டதுல இருந்து தேன்மொழிக்கு இழுப்பு வந்ததும், எலுமிச்சை இலையெல்லாம் ஓரம் கருகிப் போனதும், வாய்க்கால் பச்சையாப் பாசி பிடிச்சு மீன் செத்து மிதந்ததும் ஒவ்வொரு கடிதத்துலயும் எழுதினேன். நீ பனிக்கு இழுக்கும், வெந்நீர் குடும்மான்னு பதில் போட்ட. நானும் நம்பிக் குடுத்தேன்.

ஐப்பசி மழையில கொட்டகை ஒழுகி எச்சமெல்லாம் நனைஞ்சுபோச்சு. அந்தக் காரத்துல கண்ணைத் திறக்க முடியல, புள்ளைக்கு உதடு நீலம் பாரிச்சிட்டு. வண்ணார்பேட்டை டாக்டரம்மா, கோழி எச்சத்துல இருந்து கெளம்புத அம்மோனியா நெஞ்சைப் புண்ணாக்கிட்டு, ஒண்ணு பண்ணையை மாத்துங்க, இல்ல புள்ளையை மாத்துங்கன்னு சொல்லிட்டாங்க. பண்ணையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாத்துதேன்னு மாமா என் கையைப் பிடிச்சுச் சொன்னவன்தான். மாத்தலையேன்னு ஊர்க்கூட்டத்துல கேட்டேன். அதுக்கு அவன், யக்கா, என்னை ஏன் ஏசுத, பண்ணையில பாதி உன் மவனுக்குல்லா, இங்கனயே இன்னொரு கொட்டகை போடுன்னு அவன்தான் சொல்லுதான்னு அத்தனை பேர் முன்னால சொன்னான். நான் பொய்யின்னேன். நீ போன மாசம் அவன்கிட்ட போன்ல பேசினதை அவன் ஒவ்வொண்ணாச் சொல்லவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துட்டேன். தம்பி செஞ்சதைத் தாங்கிக்கிடலாம்யா. நான் எழுதினதையெல்லாம் வாசிச்சுட்டு நீ செஞ்சியே, அதைத்தான் தாங்கிக்கிட முடியல.

இங்கன வந்தபிறகு புள்ள மல்லாந்து படுத்துத் தூங்குதா. வீட்டைப் பூட்டிட்டேன், அந்தக் கொட்டகை இருக்குத வரைக்கும் திறக்க மாட்டேன். நீ பங்கை வச்சுக்கிடு, இல்ல விடு, அது உன் இஷ்டம். தேன்மொழிக்கு இது ஒண்ணும் தெரியாது. அண்ணன் பொங்கலுக்கு வந்து மாமாவைச் சத்தம் போட்டு எல்லாத்தையும் சரி பண்ணிருவான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கா. பெத்த வயிறு, உன்னைக் கெட்டுப்போகச் சொல்லாது, நல்லா இரு. பொங்கலுக்கு வந்தா நேரா இங்கன வா, அவகிட்ட நீயே சொல்லு.

உன் அம்மா
கோமு